லென்ஸின் விலையைச் சொன்னீர்கள். அது எதனால் ஆனது என்று சொல்லவில்லை

கண் மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும், புரை அறுவை செய்யும் மருத்துவர்களுக்கும், ஆலோசனை மேசையில் விலை அட்டையோடு அமர்ந்திருக்கும் சகோதரிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் என் வலது கண்ணைக் காட்ட வந்திருந்தேன். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிய அரை மணி நேரம் உட்கார வைத்து, உள்ளே பார்த்துவிட்டு, "புரை முற்றிக்கொண்டு வருகிறது, எடுத்துவிடலாம்" என்றார் மருத்துவர். அதற்கு அவருக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. பிறகு என்னை ஓர் ஆலோசனை மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண், புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ்களின் விலை போட்ட, லேமினேட் செய்த அட்டை ஒன்றை என் பக்கம் திருப்பி வைத்தார். கீழிருந்து மேலாக ஐந்து வரி. இந்திய லென்ஸ் மடியாதது, இந்திய லென்ஸ் மடிவது, இம்போர்டட், இம்போர்டட் மஞ்சள், கடைசியில் தங்க நிற எழுத்தில் பிரீமியம். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. கீழ் வரிக்கும் மேல் வரிக்கும் இடையே ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம்.

"இந்த மூன்றாவது எந்தப் பொருளில் செய்தது அம்மா?" என்று கேட்டேன்.

"மிருதுவான லென்ஸ் சார். ஆயுள் முழுக்க வரும்."

"மிருதுவானது சரி. சிலிகோனா, ஆக்ரிலிக்கா? ஆக்ரிலிக் என்றால் நீரை ஏற்கும் வகையா, ஏற்காத வகையா?"

அவர் சற்றுத் திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "எல்லாம் நல்ல கம்பெனிதான் சார், டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர்களுக்குத்தான் இந்த மடல்.

நான் முப்பது ஆண்டுகள் பாலிடெக்னிக்கில் பிளாஸ்டிக் பொருட்களைப் பற்றிப் பாடம் நடத்தியவன். பஸ்ஸின் பின்விளக்கு மூடியை மேசைமேல் வைத்து, "இது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக பி.எம்.எம்.ஏ. கடைப் பலகைக்காரர் இதைத்தான் அக்ரிலிக் ஷீட் என்கிறார். மனிதக் கண்ணுக்குள் வைப்பதும் இதன் சுத்தமான அண்ணன்தான்" என்று சொன்னால் கடைசி பெஞ்சுக்காரன்கூட நிமிர்ந்து உட்காருவான். அதனால் இந்த விஷயத்தில் என் வாய் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மடல் எழுத வைத்தது பாடம் அல்ல, என் அக்காவின் இடது கண்.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. 2016-ல் ஒரு தனியார் மருத்துவமனையில் இடது கண்ணில் லென்ஸ் வைத்தார்கள். மடியும் லென்ஸ், ஒரே நாளில் வீடு. பூத்தொடுக்கிற கை அவளுக்கு. நூலைப் பார்த்து முடிச்சுப் போட முடிகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்தாறு வருடம் கழித்து மறுபடியும் பனி மூடியது. அருகில் உள்ள மருத்துவரிடம் போனாள். லென்ஸுக்குப் பின்னால் சவ்வு படர்ந்திருக்கிறது, லேசர் போட்டால் தெளிந்துவிடும் என்றார். புரை எடுத்த பலருக்கு அப்படிப் படர்வது உண்மைதான்; யாக் லேசரால் அந்தப் பின்சவ்வில் ஒரு சாளரம் திறந்துவிடுவார்கள், ஐந்து நிமிட வேலை. போட்டார்கள். தெளியவில்லை. வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "சவ்வு இல்லை அம்மா, லென்ஸே வெளுத்துவிட்டது" என்றார். "என்ன லென்ஸ் வைத்தார்கள்? காகிதம் இருக்கிறதா?"

காகிதம் இருந்தது. ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் அக்கா பத்திரமாக வைத்திருந்தாள். டிஸ்சார்ஜ் சம்மரியில் லென்ஸைப் பற்றி இருந்தது ஒரே சொல்: பி.சி.ஐ.ஓ.எல். அதாவது கண்ணின் பின்னறையில் வைத்த செயற்கை லென்ஸ். இடத்தைச் சொல்லும் பெயர் அது. என்ன பொருள், எந்த மாடல், என்ன வரிசை எண், ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வாங்கிய மிக்சிக்கு வரிசை எண் எழுதிய வாரண்டி அட்டை அதே உறையில் இருந்தது. முதல் மருத்துவமனைக்கு நானே நேரில் போய்க் கேட்டேன். பழைய கோப்புகளைக் கழித்துவிட்டோம் என்றார்கள்.

கடைசியில் லென்ஸை மாற்ற வேண்டிவந்தது. முன்பே லேசரால் பின்சவ்வைத் திறந்துவிட்டதால் அந்த அறுவை கடினமாகிப் போயிற்று. சவ்வு முழுதாக இருந்திருந்தால் புதிய லென்ஸை, லென்ஸைத் தாங்கும் அந்தச் சவ்வுப் பைக்குள்ளேயே வைத்து முடித்திருக்கலாம் என்றார் மருத்துவர். எடுத்த லென்ஸைச் சிறிய குப்பியில் போட்டுக் காட்டினார். என் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் வட்டம், இரண்டு பக்கமும் கால் போன்ற வளைவு. அதன்மேல் யாரோ விபூதியைத் தூவி ஊதிவிட்டது போல ஒரே சீராக வெள்ளைப் பொடி. "ஹைட்ரோஃபிலிக், அதாவது நீரை ஏற்கும் ஆக்ரிலிக்காகத்தான் இருக்கும். கால்சியம் படிந்திருக்கிறது" என்றார். இதை முதல் மருத்துவர் முன்கூட்டியே அறிந்திருந்தால் லேசரைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருப்பார். அறிய வழியில்லாமல் போனதற்குக் காரணம் 2016-ல் எழுதாமல் விட்ட ஒரு வரி.

பொருளின் பெயருக்கு ஏன் இவ்வளவு அடம் என்று கேட்பீர்கள். கண் லென்ஸின் கதை தொடங்கியதே பொருளைக் கவனித்ததில்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்களுக்குள் விமான மூடியின் பெர்ஸ்பெக்ஸ் சிதறல்கள் புகுந்தன. (பெர்ஸ்பெக்ஸ் என்பது பி.எம்.எம்.ஏ.வின் வணிகப் பெயர்.) 1940 ஆகஸ்ட் 15-ல் அடிபட்ட கார்டன் கிளீவர் என்ற விமானி அவர்களில் பேர்போனவர். (எல்லோரும் ஸ்பிட்ஃபயர் என்று கதை சொல்கிறார்கள், அவர் ஓட்டியது ஹரிக்கேன்.) ஹரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தது இதை: அந்தத் துண்டுகள் கண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தன, கண் அவற்றோடு சண்டை போடவில்லை. கண்ணாடிக்கு மாற்றாக விமானத்துக்கு வந்த பிளாஸ்டிக்கை அவர் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கத் துணிந்தார். ஐ.சி.ஐ. நிறுவனம் அதே பெர்ஸ்பெக்ஸைக் கூடுதல் சுத்தத்தோடு தயாரித்துக் கொடுத்தது; ரேனர் நிறுவனம் லென்ஸாகக் கடைந்தது. 1949 நவம்பர் 29-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் அறுவை. கணக்குப் பிசகி அந்தப் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. ஆனால் பொருள் பிசகவில்லை. சக மருத்துவர்கள் ரிட்லியைப் பல ஆண்டுகள் ஏசினார்கள். அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது 2000-ல். மறு ஆண்டு காலமானார்.

ஆக உங்கள் அட்டையின் அடிவரியில் கூச்சத்தோடு ஒதுங்கி நிற்கும் அந்த "மடியாதது" இருக்கிறதே, எழுபது ஆண்டுகளுக்கு மேல் மனிதக் கண்ணில் சோதிக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான். ஏழைக்கு என்று ஒதுக்கிய மட்டமான சரக்கு போல அதை நீங்கள் சொல்லும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அதன் குறை ஒன்றே ஒன்று: விறைப்பு. நூறு டிகிரி தாண்டினால்தான் இளகும்; கண்ணுக்குள் அது கல்தான். ஆறு மில்லிமீட்டர் வட்டம் உள்ளே போக வேண்டுமானால் அதைவிடச் சற்றுப் பெரிய வாசல் வேண்டும். தையல் இல்லாமல் தானே மூடிக்கொள்ளும் சுரங்க வெட்டு வந்த பிறகு அதுவும் பெரிய குறையாக இல்லை. நேபாளத்தில் கண் மருத்துவர் சந்துக் ரூயிட் குழுவினர் அந்தக் கைவெட்டு முறையையும், புரையைக் கரைத்து உறிஞ்சும் பேகோ முறையையும் ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்ட ஆய்வில் இரு தரப்பிலும் பார்வை ஏறக்குறைய சமமாகவே வந்தது.

மடியும் லென்ஸ் வந்தது வாசலைச் சுருக்கத்தான். பேகோவில் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் வெட்டி, புரையைக் கரைத்து உறிஞ்சிவிட்டு, லென்ஸைப் பாய் போலச் சுருட்டி உள்ளே தள்ளி விரிய விடுகிறார்கள். அருமையான வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் "மடியும்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருட்களை நீங்கள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

முதலில் வந்தது சிலிகோன். பால்புட்டி நிப்பிளின் உறவுக்காரன். உள்ளே போனதும் துள்ளி விரிந்துவிடும். விழித்திரை கழன்றால் அதை ஒட்ட வைக்கச் சில சமயம் கண்ணுக்குள் சிலிகோன் எண்ணெய் நிரப்புவார்கள். சிலிகோன் லென்ஸில் அந்த எண்ணெய் ஒட்டிக்கொண்டால் போகாது, பார்வை கலங்கிவிடும். சர்க்கரை முற்றி விழித்திரை கெடும் வாய்ப்புள்ளவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டாவது, நீரை ஏற்காத ஆக்ரிலிக். ஹைட்ரோஃபோபிக் என்பது அதன் பட்டப்பெயர். ஆல்கான் நிறுவனத்தின் ஆக்ரிசாஃப் 1994-ல் அமெரிக்க அனுமதி பெற்றதிலிருந்து இந்த வகைதான் உலகில் கோலோச்சுகிறது. பி.எம்.எம்.ஏ.வின் சொந்தத் தம்பி, ஆனால் அறை வெப்பத்துக்குப் பக்கத்திலேயே இளகும்படி வேதியியலை மாற்றியிருக்கிறார்கள். ஏசி குளிரில் விறைக்கும். கண்ணின் சூட்டில் சோம்பல் முறித்து நிதானமாக விரியும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதை வகுப்பில் உவமையாகச் சொல்வேன். சரியான உவமை அல்ல, உருகுவது வேறு, இளகுவது வேறு. ஆனாலும் மாணவர்களுக்குப் புரிந்துவிடும். இதன் மேற்பரப்பு பின்சவ்வோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும்; சவ்வு படர்வது குறைவு. அதில் பாதிப் புகழ் பொருளுக்கு அல்ல, லென்ஸின் விளிம்பைச் செங்கோணமாக வெட்டியதற்குத்தான் போக வேண்டும் என்பது வேறு கதை. சில மாடல்களில் நாளடைவில் நுண்ணிய நீர்த்துளிகள் தோன்றி மினுங்கும். பெரும்பாலோருக்குப் பார்வை அதனால் கெடுவதில்லை.

மூன்றாவது அக்காவின் கண்ணில் இருந்தது: நீரை ஏற்கும் ஆக்ரிலிக். ஊறிய ஜவ்வரிசி போல, எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர். மெத்தென்று மடியும், சின்ன வாசலில் வழுக்கிக்கொண்டு போகும், கண்ணில் வீக்கம் கிளப்பாது, விலையும் குறைவு. கோடிக்கணக்கான கண்களில் தொல்லை இல்லாமல் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கால்சியம் பாஸ்பேட் படிந்து வெளுக்கும் பலவீனம் இந்த வகைக்கு உண்டு. 1990களின் இறுதியில் சில மாடல்கள் இப்படி வெளுத்து, பல நாடுகளில் திரும்ப எடுக்க வேண்டிவந்தது. அவற்றில் ஒன்றில் விசாரித்துக்கொண்டே போனபோது, லென்ஸை வைத்திருந்த டப்பாவின் சிலிகோன் வளையத்திலிருந்து கசிந்த பொருள்மேல் சந்தேகம் விழுந்தது. டப்பா! பொருள்களோடு வாழ்ந்தவனுக்கு இதைவிடச் சுவையான துப்பறியும் கதை கிடையாது. கருவிழி மாற்று அறுவையின்போதோ விழித்திரை அறுவையின்போதோ கண்ணுக்குள் காற்றோ வாயுவோ செலுத்தினாலும் இந்த வகை லென்ஸ் வெளுக்கக்கூடும். அப்படியானால், கருவிழி பழுதுபட்டு நாளை அந்த அறுவைக்குப் போகக்கூடியவருக்கு இன்று எந்த லென்ஸ் வைக்கிறோம் என்பது வெறும் பேக்கேஜ் விவகாரமா?

இதையெல்லாம் நீங்கள் அறியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர்களான உங்களுக்கு என்னைவிட நூறு மடங்கு தெரியும். தெரிந்ததை அட்டையில் போடாமல், "இந்தியன்", "இம்போர்டட்" என்று போடுகிறீர்களே, அதுதான் எரிச்சல். தேசம் ஒரு பொருளா? அதுவும் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு!

என் அம்மாவுக்கு 1983-ல் ஒரு பள்ளிக்கூட முகாமில் புரை எடுத்தார்கள். லென்ஸ் வைக்கவில்லை, வைக்கும் வழக்கம் நம் ஏழைகளுக்கு அப்போது எட்டவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். அதில் எல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும், வாசற்கால் வளைந்து தெரியும். ஆற்றிய காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டு அம்மா சிரிப்பாள். மூன்றாவது முறை சிரிக்கவில்லை. அந்த நாட்களில் வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, விலை இறங்கட்டும் என்று காத்திருக்காமல் 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் திறந்து பி.எம்.எம்.ஏ. லென்ஸைத் தானே செய்யத் தொடங்கியது. அமெரிக்கரான டேவிட் கிரீன் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர உதவினார். விலை பத்து டாலருக்கு இறங்கி, பின்னர் அதற்கும் கீழே போனது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் நுண்ணோக்கியில் கண் வைத்துச் சரிபார்த்த அந்த லென்ஸ்கள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. அங்கெல்லாம் அது இம்போர்டட் லென்ஸ். மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் உங்கள் மேசையில் மட்டும் அது அட்டையின் அடிவரி.

மஞ்சள் லென்ஸுக்கும் ஒரு வார்த்தை. நீல ஒளியை வடிகட்டி விழித்திரையைக் காப்பாற்றும் என்று சொல்லித்தான் அதற்குக் கூடுதல் விலை வைக்கிறீர்கள். 2018-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அப்படிக் காப்பதற்கு நம்பகமான சான்று கிடைக்கவில்லை என்றே முடிவு சொன்னது. தங்க எழுத்து பிரீமியம் பெரும்பாலும் மல்டிஃபோகல். அது வடிவத்தின் பெயர், பொருளின் பெயர் அல்ல. மூன்றாம் வரியில் இருக்கும் அதே ஆக்ரிலிக்கில் வளையங்கள் செதுக்கியது. கண்ணாடி இல்லாமல் கிட்டேயும் தூரத்திலும் படிக்கலாம். இரவில் எதிர்வரும் லாரியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விலையைச் சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரு மருத்துவ நண்பர் என்னிடம் வாதாடினார்: "தினமும் நாற்பது பேர். ஹைட்ரோஃபிலிக், ஹைட்ரோஃபோபிக் என்று பாட்டிகளுக்குப் பாடம் எடுத்தால் அறுவை எப்போது செய்வது?" நியாயம்தான். பாடம் எடுக்க வேண்டாம். பட்டு எடுக்கப் போகும் பாட்டி ஜரிகையைச் சுரண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. அவளைக் குறைத்து மதிக்கவும் வேண்டாம். அவளுக்குப் புரியாவிட்டாலும், ஆறு வருடம் கழித்து அவள் கண்ணைப் பார்க்கப்போகும் இன்னொரு மருத்துவருக்குப் புரியும். நான் கேட்கும் எழுத்து அவருக்காகத்தான்.

அதற்கு நீங்கள் புதிதாக எதுவும் அச்சடிக்கக்கூட வேண்டியதில்லை. லென்ஸ் டப்பாவுக்குள் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் சில இருக்கின்றன; மாடல், பவர், வட்டத்தின் அளவு, வரிசை எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் உண்டு. ஒன்றை உங்கள் கோப்பில் ஒட்டுகிறீர்கள். மற்றவை டப்பாவோடு குப்பைக்குப் போகின்றன. அதில் ஒன்றை நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி, பக்கத்தில் பொருளின் பெயரைப் பேனாவால் எழுதுங்கள். விலை அட்டையில் தேசத்தை அடித்துவிட்டுப் பொருளைப் போடுங்கள். பில்லில் "புரை அறுவை பேக்கேஜ்" என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக லென்ஸைத் தனியே காட்டுங்கள். இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவிலை வைத்தபோது, ஸ்டென்டின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண் எல்லாவற்றையும் பில்லில் தனியே காட்டச் சொன்னது; மருத்துவமனைகள் காட்டத்தான் செய்கின்றன. கண் லென்ஸை 2005-லேயே மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தாயிற்று. நெஞ்சுக்குள் போவதற்கு இருக்கும் மரியாதை கண்ணுக்குள் போவதற்கும் இருக்கட்டும். இதற்குத் தனியாக ஆணை வரும்வரை காத்திருப்பேன் என்று எந்த மருத்துவமனையாவது சொன்னால், அந்த மருத்துவமனையைப் பற்றி நான் என்ன நினைப்பேன் என்பதை எழுத்தில் வைக்க விரும்பவில்லை.

என் வலது கண்ணுக்கு அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இல்லை, கருவிழி நன்றாக இருக்கிறது என்றார் மருத்துவர். அவர் மடியாத லென்ஸ் போதும் என்றால் அதற்கும் சம்மதம், மடிவது நல்லது என்றால் அதற்கும் சம்மதம், தேர்வு அவருடையது. லென்ஸ் டப்பாவைப் பிரிக்கும் நர்ஸ் அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். அக்காவின் காகிதங்கள் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறையை அன்று நான் கையோடு கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி